சஸ்மிகாவின் ஊசியும் ஊர்ப்பட்ட டொக்டர்மாரும்

வருத்தம் சுகமானால் டொக்டருக்குக் கைராசி, சுகமாகாவிட்டால் மிஸ்ஸிக்குக் கடுகடுப்பு. தாதித் தொழிலின் முழு விபரமும் இவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் தாதி என்று யாரும் கூப்பிடுவதில்லை. கல்யாணமாகி, இரண்டு பிள்ளை பெற்று, தலை நரைத்தாலும் நாங்கள் மிஸ்ஸிதான்.

நான் வேலை செய்வது கொத்மலை நீர்த்தேக்கம் கீழே தெரிகிற ஒரு மலையில், தேயிலைக்கு நடுவே இருக்கிற சின்ன அரசாங்க ஆஸ்பத்திரியில். பெயரைச் சொன்னால் எனக்கு இடமாற்றம் வந்துவிடும். நீங்கள் நம்பர் துண்டுச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் உட்கார்ந்து காத்திருந்து இடுப்பு நொந்தவர்கள். நான் அந்த வாங்குக்கு எதிரே நின்று நின்று கால் நொந்தவள். ஆகவே நமக்குள் ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. சஸ்மிகா என்ற ஒரு பிள்ளையின் வருத்தத்தைச் சாட்டி என் காதில் விழுந்த பேச்சுக்களை உங்களோடு பகிர்ந்துகொண்டால் கொஞ்சம் பாரம் குறையும்.

மெஷின் பிழை

சஸ்மிகா எங்கள் வாட்டின் நிரந்தர விருந்தாளி. பிறந்த கையோடு தொப்புளில் சீழ் பிடித்து முதல் தடவை வந்தாள். பிறகு காதில் சீழ், கழுத்தில் கட்டி, வாய் நிறையப் புண். பல் முளைத்தால் மற்றப் பிள்ளைகள் சிரிக்கும். இவளுக்கு ஈறு வீங்கி ரத்தம் வரும். மருந்து கொடுத்தால் ஆறிவிடும். அது ஆறி முடிவதற்குள் அடுத்தது வந்து நிற்கும். அவளுடைய அம்மா ரஞ்சனி கொழுந்து எடுக்கிறவள். மாதத்தில் பாதி நாள் அவள் தோட்டத்தில் வேலைக்குப் பேர் போடாமல் எங்கள் வாட்டில்தான் இருப்பாள். பிள்ளைக்கு மூன்று வயது நடக்கும்போது டொக்டர் குகநேசன் மாற்றலாகி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். பழைய மருந்துத் துண்டுகளையெல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு பிள்ளைக்கு இத்தினை தரம் சீழ் வாறது சரியில்லை" என்று ரத்தம் எடுத்து அனுப்பச் சொன்னார்.

எங்கள் லேப்பில் இருப்பவன் ருவன் என்ற சிங்களப் பொடியன். வழக்கமாக ரிப்போர்ட்டை ஜன்னல் வழியே நீட்டுகிறவன், அன்றைக்கு எழுந்து நேரே வாட்டுக்கு வந்துவிட்டான். கிருமியோடு முதலில் சண்டைக்குப் போகிற வெள்ளை அணு ஒன்று இருக்கிறது, நியூட்ரோபில் என்று பெயர். அது இந்தப் பிள்ளையின் ரத்தத்தில் இல்லாத குறையாக இருந்தது. திரும்பவும் ரத்தம் எடுத்தோம், திரும்பவும் அதேதான். ருவன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். அவனுக்குப் பின்னால் சஸ்மிகா அவனுடைய வெள்ளைக் கோட்டைப் பிடித்து இழுத்து விளையாடிக்கொண்டிருந்தாள். அவளைப் பாராமலே அவன் சொன்னான்: "மெஷின் பிழை மிஸ்ஸி. இந்த கவுண்ட் வந்தா பபா உயிரோட இருக்க ஏலாது."

எட்டாம் வகுப்பு

மெஷினில் ஒரு பிழையும் இல்லை. கண்டியில் ரத்த வருத்தங்களைப் பார்க்கிற பெரிய டொக்டர் ஒருவரிடம் அனுப்பினோம். அவர் இடுப்பெலும்பிலிருந்து மச்சை, அதாவது மஜ்ஜை, எடுத்துப் பார்த்து, இது பிறவியிலேயே வருகிற கடுமையான நியூட்ரோபீனியா, அந்த வெள்ளை அணுக் குறைவு, என்று எழுதி அனுப்பினார். அதைத் தாய்க்கு விளங்கப்படுத்துகிற வேலை டொக்டர் குகநேசனுக்கு வந்தது. அவர் உயர்தர வகுப்பில், வெள்ளை அணுவை வெண்குழியம் என்று படித்த தமிழையெல்லாம் எடுத்துவிட்டார்: "அம்மா, இவவின்ரை என்பு மச்சையிலை வெண்குழியங்கள் முதிர்ச்சி அடையேல்லை." ரஞ்சனி வெளிறிப் போனாள். "ரத்தத்துல குழி விழுந்திருக்குங்களா ஐயா?" என்று கேட்டாள்.

நான் டொக்டரைப் பார்த்தேன். அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வேறு வழியில் வந்தார். "சரி, இப்பிடிப் பாருங்கோ. எலும்புக்குள்ளை ஒரு பள்ளிக்கூடம் இருக்கெண்டு வையுங்கோ. வெள்ளை அணுக்கள் அதிலை படிச்சு முடிச்சாத்தான் ரத்தத்துக்கு வேலைக்கு வரும். உங்கடை பிள்ளைக்கு எல்லாம் எட்டாம் வகுப்போடை நிண்டுபோகுது. அதுதான் வருத்தம். இப்ப விளங்குதோ?" ரஞ்சனிக்கு விளங்கிவிட்டது. கேலியில்லை, உண்மையாகவே யோசித்துவிட்டுத்தான் கேட்டாள்: "நானும் எட்டோட நின்னவதான் ஐயா. இத்தன வருஷமா யாரும் அத வருத்தம்னு சொல்லலியே?"

எலேன்

இந்த வருத்தம் வருவதற்குப் பரம்பரையலகில், அதாவது ஜீனில், ஏதோ ஒரு பிழை காரணம். அந்த ஜீன் எது என்று தெரிய ரத்தத்தை வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும், பதில் வர நாள் செல்லும் என்றார்கள். சஸ்மிகாவின் அப்பா மோகன் கொழும்பில், புறக்கோட்டையில் ஓர் இரும்புக் கடையில் வேலை. அன்றைக்கு லீவு போட்டு வந்திருந்தான். டொக்டர் அவனைப் பார்த்து, "அநேகமா எலேன்தான் காரணமா இருக்கும். எலேன் எண்டா குடும்பத்திலை வேறை ஒருத்தருக்கும் இல்லாமலே திடீரெண்டு வரலாம்" என்றார். எலேன் என்பது அந்த ஜீனின் பெயர். அதைச் சொல்ல அவர் மறந்துபோனார். பக்கத்தில் ரஞ்சனி பார்த்துக்கொண்டிருக்க, மோகன் ஒன்றும் விளங்காமல் தலையைத் தலையை ஆட்டினான்.

அந்தத் தலையாட்டல்தான் வினையாகிவிட்டது. மோகன் பஸ்ஸுக்குப் போனதும் ரஞ்சனி மருந்து அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. பிள்ளையை நினைத்து அழுதிருக்கிறாள் என்று எண்ணி நான் ஆறுதல் சொல்ல ஆரம்பித்தேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "எனக்கு உண்மைய சொல்லுங்க மிஸ்ஸி. கொழும்புல இருக்கிற அந்த எலேன் யாரு?"

தோடம்பழம்

இந்த வருத்தத்துக்கு ஓர் ஊசி இருக்கிறது. மச்சைக்குள் நின்றுபோன அணுக்களைத் தட்டியெழுப்பி வெளியே அனுப்புகிற மருந்து. நாள் தவறாமல் தோலுக்கடியில் போட வேண்டும். தினமும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு மலை ஏறி இறங்க முடியாது. ஆகவே தாய் தகப்பனுக்கு நானே பழக்கிக் கொடுத்தேன். முதலில் தோடம்பழத்தில், அதாவது ஆரஞ்சில், குத்திப் பழக வேண்டும். மோகன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னுக்கு வந்தான். "கொழும்புல கம்பி வெட்டுற மெஷினே நாந்தான் ஓட்டுறேன் மிஸ்ஸி, இது என்ன?" என்றான்.

ஊசி பழத்துக்குள் இறங்கியது. சாறு ஒரு துளி வெளியே வந்தது. மோகன் அப்படியே சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்து, பிறகு படுத்தும்விட்டான். அவன் முகத்தில் தண்ணீர் தெளிக்க நான் ஓடினேன். ரஞ்சனி ஓடவில்லை. அவன் கையிலிருந்து உருண்ட பழத்தை எடுத்துத் துடைத்து, ஊசியை ஒழுங்காகக் குத்தி எடுத்துவிட்டு, தரையைப் பார்த்துச் சொன்னாள்: "எந்திரிங்க மச்சான். குத்துனது பழத்துக்குத்தான்."

பங்களாவின் நல்ல இடம்

ஊசி மருந்தை பிரிட்ஜில் வைக்க வேண்டும். ஆனால் உறையவிடக் கூடாது, உறைந்தால் கெட்டுவிடும். ரஞ்சனியின் லயத்துக் காம்பராவில், தோட்டத்து வரிசை வீட்டின் ஒற்றை அறையில், பிரிட்ஜ் இல்லை. தோட்டத்து டிஸ்பென்சரியில் இருக்கிறது, ஆனால் அங்கே இருக்கிறவர் லீவில் போனால் சாவியும் லீவில் போய்விடும். கடைசியில் தோட்ட மேனேஜரான பெரிய துரையின் சம்சாரம் மனமிரங்கி, பங்களாவில் வைக்கலாம் என்றார். தோட்டமே அவரைப் புகழ்ந்தது. ஒரு மாத மருந்தை நானே கொண்டுபோய் பங்களா சமையற்காரர் அந்தோணியிடம் கொடுத்து, எப்படி வைப்பது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் ரஞ்சனி ஒரு குப்பியோடு ஓடி வந்தாள். கல் மாதிரி உறைந்திருந்தது. நான் மூச்சு வாங்கப் பங்களாவுக்கு ஏறினேன். எல்லாக் குப்பியும் பிரிட்ஜின் ஐஸ் அறையில், ஓர் ஆட்டுத்தொடைக்குப் பக்கத்தில் வரிசையாகப் படுத்திருந்தன. நான் கத்திய கத்தலில் துரையின் நாய்கூடக் கட்டிலுக்குக் கீழே போய்விட்டது. அந்தோணிக்குத்தான் மனசு நொந்துபோயிற்று. "கீழ் தட்டுல எல்லாம் மரக்கறிதான் மிஸ்ஸி கெடக்குது. புள்ளயோட மருந்தாச்சேன்னு தொர எறச்சி வைக்கிற எடத்துல வச்சேன். நாங்க மரியாத குடுத்ததும் குத்தமா?"

சோடாக் கடையில் ஐஸ்

அந்த மாதத்துக்குக் கண்டியில் கெஞ்சி மறுபடி மருந்து எடுத்தோம். இம்முறை இடம் கொடுத்தவர் சந்தியில் கடை வைத்திருக்கிற சிங்கள முதலாளி. சோடாவும் யோகட்டும் வைக்கிற கண்ணாடிப் பிரிட்ஜில் ஒரு தட்டைக் காலி செய்து, "பய வென்ன எப்பா நங்கி, மம இன்னவானே" என்றார். 'பயப்படாதே தங்கச்சி, நான் இருக்கிறேன்தானே' என்று அர்த்தம். சொன்னபடியே பார்த்துக்கொண்டார். கரண்ட் போனால் ஐஸ் பெட்டிக்கு மாற்றுவார். யாராவது பிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு சோடா தேடினால் ஏசுவார்.

ஒரு நாள் சுகாதாரப் பரிசோதகர் கடையைச் சோதனை போட வந்தார். யோகட்டுக்குப் பக்கத்தில் ஊசிக் குப்பிகளைக் கண்டதும் இது என்ன என்று கேட்டார். முதலாளி பாவம், ஒரு பதற்றத்தில், "ஐஸ், சேர்! ஐஸ்ல வைக்கிறது!" என்றிருக்கிறார். ஐஸ் என்றால் இந்தக் காலத்தில் என்ன போதைத் தூள் என்று பத்திரிகை வாசிக்கிற உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கடைக்கு வெளியே கூட்டம் சேர்ந்தது. எனக்குப் போன் வந்தது. நான் வாட்டில் நின்றபடியே மருந்தின் பெயர், பிள்ளையின் பெயர், டொக்டரின் பெயர், என் பெயர் எல்லாம் ஒப்புவித்தேன். மற்றப் பக்கத்தில் பரிசோதகர் நீண்ட மூச்சு விட்டார். "சரி மிஸ்ஸி, மருந்து இருக்கட்டும். ஆனா யோகட் திகதி முடிஞ்சிருக்கு. வந்ததுக்கு அதுக்காவது வழக்குப் போடத்தானே வேணும்?"

மழை

சிரிக்க முடியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். ஊசி வேலை செய்தது. வாய்ப்புண் ஆறியது. கட்டி வரவில்லை. எலும்பு நோகிறது என்று இடைக்கிடை அழுவாள், அது மருந்தின் குணம். அப்படி இருக்கும்போது மழை வந்தது. லயத்துக்கும் சந்திக்கும் இடையில் ரோட்டின் மேல் மண் சரிந்துவிட்டது. மருந்து அந்தப் பக்கம், பிள்ளை இந்தப் பக்கம். சில நாள் ஊசி இல்லை. முதலில் வாய் புண்ணானது, பிறகு காய்ச்சல். ரஞ்சனி பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு, சரிந்த இடத்தைச் சுற்றி மேல்மலைத் தேயிலைக்குள்ளால் ஏறி வந்தாள். வாட்டுக்குள் நுழைந்தபோது இரண்டு பேரும் சேறு. பிள்ளை மூச்சுக்கு ஏங்கிக்கொண்டிருந்தது. டொக்டர் குகநேசன் ஒரு கேள்வி கேட்கவில்லை. கையில் ஊசி ஏற்றி மருந்தைத் தொடங்கி, ஆம்புலன்ஸை வரவழைத்துவிட்டார்.

நானும் கூடப் போனேன். வழக்கமான பாதை மூடியிருந்ததால் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. ரஞ்சனி அழவில்லை. பிள்ளையின் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வளைவிலும் என் கையை இறுக்கிப் பிடிப்பாள். போய்ச் சேர்ந்த பெரிய ஆஸ்பத்திரியில் விலாசம் கேட்டார்கள். தோட்டத்தின் பெயரையும் லயத்தையும் சொன்னேன். அது விலாசமாகாது, ரோட்டுப் பெயரும் வீட்டு இலக்கமும் வேண்டும் என்றார்கள். லயத்துக்கு அரசாங்கம் இன்னும் இலக்கம் வைக்கவில்லை, வைத்ததும் வந்து சொல்கிறேன் என்றேன். உள்ளே விட்டார்கள்.

பிறகு வந்த நாட்களை நான் எப்படிக் கழித்தேன் என்று எனக்கே தெரியாது. டியூட்டி முடிந்ததும் பஸ் பிடித்துப் போவேன். கண்ணாடிக்கு வெளியே ரஞ்சனியோடு நிற்பேன். ஒரு நாள் போனபோது காய்ச்சல் விட்டிருந்தது. சஸ்மிகா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, யாரோ கொடுத்த பிஸ்கட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இங்க உள்ள மிஸ்ஸிங்க ஒங்கள மாதிரி ஏசுறதில்ல" என்றாள்.

பேனர்

பிள்ளை பிழைத்து வந்த செய்தி பரவியதும் ஒரு தொழிற்சங்கத் தலைவர் வந்தார். எந்தச் சங்கம், எந்த நிறம் என்று கேட்காதீர்கள். ஆட்களோடும் போன் கேமராவோடும் வந்தார். எலும்பு மச்சையை மாற்றுகிற சிகிச்சை ஒன்று இருக்கிறதாமே, அதைத் தன் தலைமையில் செய்து முடிக்கப் போவதாகச் சொன்னார். டொக்டர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். மச்சை மாற்றினால் அடியோடு குணமாக்கலாம், உண்மைதான். ஆனால் பொருந்துகிற கூடப்பிறப்பு வேண்டும், ஆபத்தும் உண்டு. ஊசிக்குப் பிள்ளை நன்றாகச் சுகப்படுகிறாள். ஊசி கேட்காமல் போனால், அல்லது மச்சை பழுதாகி ரத்தப் புற்றுநோய்ப் பக்கம் திரும்பினால்தான் அதைப் பற்றி யோசிக்க வேண்டும். அதற்காகத்தான் ரத்தத்தையும் மச்சையையும் தவறாமல் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இப்போது வேண்டியது ஒன்றுதான், ஊசி மருந்து தட்டுப்பாடில்லாமல் வர வேண்டும்.

"அதுக்கு நீங்கள் மேலிடத்திலை ஒரு சொல்லுச் சொன்னால் பெரிய உதவி" என்றும் டொக்டர் கேட்டார். தலைவரின் முகம் வாடிப்போயிற்று. பக்கத்தில் நின்ற ஒருவர் பேனருக்குப் படம் எடுப்பதற்காகப் பிள்ளையின் முடியைச் சீவிக்கொண்டிருந்தார். அவரைக் கையால் நிறுத்திவிட்டுத் தலைவர் எழுந்தார். "ஊசிக்கெல்லாம் பேனர் அடிக்க ஏலாதுங்க டொக்டர். ஆபரேஷன்னா சொல்லுங்க, நாளைக்கே கூட்டம் போட்டுர்றோம்."

தொத்து

பாலர் பாடசாலையில் சேர்க்கப் போனபோது அங்கிருந்த டீச்சர் இரண்டடி பின்னால் நகர்ந்தார். தினமும் ஊசி போடுகிற பிள்ளையாம், தொத்துமாமே என்று கேட்டார். தொத்தாது, மற்றப் பிள்ளைகளின் சளியும் காய்ச்சலும்தான் இவளுக்கு ஆபத்து, யாருக்காவது காய்ச்சலென்றால் இவளைத் தள்ளி உட்கார வையுங்கள் என்று நானே போய்ச் சொன்னேன். டீச்சர் கவனமாகக் கேட்டார். முகம் தெளிந்தது. "அவகிட்டயிருந்து எங்களுக்குத் தொத்தாதுன்னா பரவால்ல மிஸ்ஸி. எங்ககிட்டயிருந்து அவளுக்குத் தொத்துறதப் பத்தி மேல இருந்து ஒண்ணும் அறிவிக்கல."

யார் பக்கம்

கடைசியில் ஜீன் சோதனையின் பதில் வந்தது. எலேன் குற்றமற்றவள். பிழை ஹக்ஸ்-வன் என்ற வேறொரு ஜீனில். கேட்பதற்கு ரஞ்சனியும், அவளுடைய மாமியார் பாக்கியமும் வந்திருந்தார்கள். இத்தனை நாளும் பாக்கியம் தோட்டம் முழுக்கச் சொல்லி வந்தது ஒன்றே ஒன்று: எங்கள் பரம்பரையில் இப்படி யாருக்கும் இல்லை, இது அவள் கொண்டுவந்த ரத்தம். ஆகவே அன்றைக்குத் தீர்ப்புக் கேட்க வந்தவரைப் போல முன்வரிசையில் உட்கார்ந்தார்.

டொக்டர் சொன்னார்: ஒவ்வொரு ஜீனிலும் நமக்கு இரண்டு பிரதி. ஒன்று அம்மா தந்தது, ஒன்று அப்பா தந்தது. ஒன்று மட்டும் பிழையென்றால் ஒரு வருத்தமும் வராது, சுகமாகவே இருப்போம். மோகனிடம் ஒரு பிழைப் பிரதி, ரஞ்சனியிடம் ஒரு பிழைப் பிரதி. பிள்ளைக்கு அந்த இரண்டும் போய்ச் சேர்ந்திருக்கிறது. "ரஞ்சனி உங்களுக்கு என்ன முறை?" என்று பாக்கியத்திடம் கேட்டார். "எங்கூடப் பொறந்த தம்பி மக" என்றார் பாக்கியம். "அப்ப ரெண்டு பக்கமும் ஒரே பக்கம்தான், அம்மா. உங்களுக்கும் தம்பிக்கும் இது ஒரே இடத்திலை இருந்துதான் வந்திருக்கும். அநேகமா உங்கடை அப்பா, இல்லாட்டி உங்கடை அம்மா." பாக்கியம் மருமகளைப் பார்த்தார், டொக்டரைப் பார்த்தார், கடைசியில் கூரையைப் பார்த்தார். "அப்ப எங்கப்பாரு மேல பழியப் போடச் சொல்றீங்களா? அவரு செத்தே போயிட்டாருங்க. வந்து பதில் சொல்லவா போறாரு?"

நாலில் ஒன்று

அதோடு விடவில்லை. இன்னொரு பிள்ளை பெறலாமா என்று பாக்கியம் கேட்டார். டொக்டர் ஒரு கடதாசியில் நான்கு வட்டம் போட்டு ஒன்றைக் கறுப்பாக்கினார். ஒவ்வொரு தடவை கருத்தரிக்கும்போதும் நாலில் ஒரு பங்கு இந்த வருத்தம் வர இடமுண்டு, இனிமேல் வயிற்றில் ஒன்று தங்கினால் முதலிலேயே வந்து சொல்ல வேண்டும், பிறந்த உடனே ரத்தம் பார்க்கலாம் என்றார். பாக்கியம் அந்தக் கடதாசியை வாங்கி, கறுத்த வட்டத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு, மிச்ச மூன்று வட்டத்தையும் எண்ணிப் பார்த்தார். வந்ததிலிருந்து முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. "ஒண்ணுதான் ஏற்கெனவே வந்திருச்சே! அப்ப இனி வர்ற மூணுக்கும் பயமில்லன்னு சொல்லுங்க!"

டொக்டர் குகநேசன் மேசையில் முழங்கையை ஊன்றித் தலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "மிஸ்ஸி, இதை நீங்கள் ஒருக்காச் சொல்லிப் பாருங்கோ. எனக்கு அடுத்த கிளினிக் இருக்கு."

வாசலில்

பஸ்ஸில் இடம் பிடிக்கப் பாக்கியம் முன்னால் போய்விட்டார். ரஞ்சனி சஸ்மிகாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். ஏதாவது மறந்துவிட்டாயா என்று கேட்டேன். இல்லையென்று தலையாட்டினாள். பிறகு சொன்னாள். சஸ்மிகாவுக்கு முன்னால் ஒரு பையன் பிறந்தானாம். நான் இந்த ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முந்திய கதை. தவழத் தொடங்கும் முன்னே சளிக்காய்ச்சலில் போய்விட்டான். காலைப் பெரட்டுக்கு, வேலைக்கு ஆள் எண்ணுகிற இடத்துக்கு, பேர் கொடுக்க ஓட வேண்டும் என்று, விடிகிற பனியில் அவனைத் தூக்கிக்கொண்டுபோய், தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பராவில் விட்டு வருவாளாம். பனியில் தூக்கிப் போய்ப் பிள்ளையைக் கொன்றவள் என்று மாமியார் சொன்னார். பக்கத்துக் காம்பராக்காரர்கள் சொன்னார்கள். மோகன் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு எல்லாவற்றிலும் கூட நொந்ததாம்.

அந்தப் பையனுக்கும் தொப்புளில் சீழ் வந்ததா என்று கேட்டேன். வந்தது என்றாள். வாயில் புண்? அதுவும் வந்தது. நான் அவளை அப்படியே திரும்பக் கூட்டிக்கொண்டு போனேன். டொக்டர் கிளினிக்கை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். அவன் ரத்தத்தை யாரும் பார்க்காததால் சத்தியம் பண்ண முடியாது, ஆனால் கேட்கிறதை வைத்துப் பார்த்தால் இதே வருத்தமாகத்தான் இருந்திருக்கும், எந்தத் தாய் எந்தக் கம்பளியில் சுற்றி வைத்திருந்தாலும் ஊசியில்லாமல் அவனைக் காப்பாற்றியிருக்க ஏலாது என்று, இம்முறை ஒரு பாடப்புத்தகச் சொல்லும் இல்லாமல் சொன்னார். கீழே பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டேயிருந்தது. ரஞ்சனிக்கு அது கேட்கவில்லை. சஸ்மிகாவை இறக்கிவிட்டு, இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப நான் பனியில தூக்கிட்டுப் போனதால இல்லீங்களா மிஸ்ஸி?"

மொத்தத்தில், ஒரு ஜீன் செய்கிற பிழையைச் சமாளிக்க நாளுக்கு ஒரு சின்ன ஊசி போதும் என்று கண்டுபிடித்துவிட்டார்கள்; பிழை எதுவென்று தெரிவதற்கு முன்னே அதைத் தாயின் தலையில் கட்டுகிற பழக்கத்துக்குத்தான் எங்கள் மருந்து அறைக்கு இன்னும் ஒன்றும் வந்து சேரவில்லை.